ஒரு நூல்தான் தள்ளினேன்

தச்சு வேலையில் இஞ்சுக்கு எட்டு நூல். டேப்பில் மில்லிமீட்டர் போட்டிருந்தாலும் எங்கள் வாயில் வருவது நூல்தான். "ரெண்டு நூல் கம்மி பண்ணு", "ஒரு நூல் ஜாஸ்தி வுடு" என்று சொல்லிக்கொண்டே காலத்தை ஓட்டியவன் நான். அப்படி ஒரு நூலில்தான் என் மானம் போனது. போன விஷயம் ஊரில் யாருக்கும் தெரியாது. திருவண்ணாமலையில் எனக்கு இன்றைக்கும் நல்ல பெயர். அதுதான் என்னை அரிக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வீடு கட்டாதவன் ஏமாளி என்று ஆகிவிட்டது. வெள்ளைக்காரர்களும் வடநாட்டுக்காரர்களும் வந்து மாசக்கணக்கில் தங்கினார்கள். நேற்று வரை வேர்க்கடலை போட்ட நிலத்தில் இன்றைக்கு வரிசையாக அறைகள். அறைக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு பூட்டு. எங்களுக்கு மூச்சு விட நேரமில்லாமல் வேலை இருந்தது.

எங்களுக்கு என்றால், எனக்கும் என் கூட்டாளிக்கும். அவன் என் வயசுக்காரன். முஸ்லிம். ஊர் கூப்பிடுகிற மாதிரி நானும் அவனைப் பாய் என்றுதான் கூப்பிடுவேன். அவன் என்னை மச்சான் என்பான். கோபம் வந்தால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வாயில் வந்தபடி திட்டிக்கொள்வோம். டீ வந்தால் ஒரே டம்ளரில் பாதி பாதி குடிப்போம். அவன் செய்த கதவில் சந்து விழுந்து மக்கு பூசி அடைத்த இடத்தை யாராவது காட்டினால் அவர்கள் காலில் விழத் தயார் என்று நான் அப்போதே சவால் விட்டிருக்கிறேன். ஆனால் ஆமை வேகம். நான் நேர் எதிர். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் அம்மா சொல்வாள். அதைக் கேட்டாலும் எனக்கு ஆத்திரம்தான் வரும்.

அந்த வருஷம் ஒரு ஓய்வு பெற்ற அதிகாரி தங்கும் விடுதி கட்டினார். கீழே எட்டு அறை, மேலே பன்னிரண்டு. கீழ்க் கதவு எட்டும் எங்களுக்குக் கொடுத்தார். "கீழ பாத்துட்டு மேல சொல்றேன்" என்றார். மேல் மாடி கிடைத்தால் கதவு, ஜன்னல், அலமாரி என்று இரண்டு வருஷத்துக்கு வேறு எங்கும் போக வேண்டாம். எனக்கு அது ஒரு வேலை, அவ்வளவுதான். பாய்க்கு அப்படி இல்லை. அவன் மனைவி முழுகாமல் இருந்தாள். சவுதிக்கு ஆள் எடுக்கிற ஏஜெண்ட் ஒருவன் வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தான். பாஸ்போர்ட் தயார். "மேல் மாடி வந்துட்டா நான் எதுக்கு மச்சான் அந்தப் பாலைவனத்துக்குப் போறேன். புள்ள பொறக்கறதப் பாத்துகினு இங்கியே கெடப்பேன்" என்று மரம் இழைக்கும்போதெல்லாம் சொல்லுவான். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

கதவு எட்டையும் தேக்கில் அவன்தான் செய்தான். நான் நிலை செய்தேன். கடைசி வேலை பூட்டு. அதிகாரி புது மாதிரிப் பூட்டு வாங்கி வைத்திருந்தார். வெளிப்பக்கம் சாவி போடுகிற உருளை வரும், உள்பக்கம் பூட்டு உட்காரும். உருளைக்குக் கதவில் ஒன்றேகால் இஞ்சில் ஒரு வட்ட ஓட்டை வேண்டும்.

இந்த மாதிரி ஓட்டைக்குப் பாயிடம் ஒரு சாமான் இருந்தது. அட்ஜஸ்ட்மென்ட் பிட் என்போம். சென்னையில் ஏதோ பழைய இரும்புக் கடையில் கிளறி எடுத்து வந்தது. பிரேஸ் என்கிற, கையால் சுற்றும் துளைக் கருவியில் மாட்ட வேண்டும். நடுவில் திருகு மாதிரி ஒரு முனை, அது மரத்தைக் கடித்து உள்ளே இழுக்கும். முனைக்குப் பக்கத்தில் நகர்கிற கத்தி ஒன்று. ஸ்குரூவைத் தளர்த்திக் கத்தியை வெளியே தள்ளினால் பெரிய ஓட்டை, உள்ளே தள்ளினால் சின்ன ஓட்டை. மூன்று இஞ்சு வரைக்கும் எந்த அளவானாலும் அந்த ஒரே பிட் போதும். அது வருவதற்கு முன்னால் வட்டம் கீறி, சுற்றிலும் சின்னச் சின்னதாகத் துளை போட்டு, உளியால் செதுக்கி உயிரை விடுவோம். கத்தியின் மேல் அளவுக்கோடு இருந்திருக்க வேண்டும். எங்களிடம் வந்தபோது தேய்ந்து மொழுமொழு என்று இருந்தது. அதனால் முனையிலிருந்து கத்தி ஓரம் வரை ஸ்கேலை வைத்துத்தான் அளவு வைக்கணும். பாய் அளவு வைத்ததும் முதலில் ஒரு கழிவுக் கட்டையில் போட்டுப் பார்ப்பான். அதில் பூட்டைச் சொருகிப் பார்ப்பான். திரும்பவும் ஸ்கேலை வைப்பான். அதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் அதிகாரி வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பாய் காலையில் அளவு வைத்து, கட்டையில் போட்டுப் பார்த்து, முதல் கதவில் ஓட்டை போட்டான். உருளையைச் சொருகினான். கொஞ்சம் இறுக்கமாக, கட்டையால் இரண்டு தட்டு தட்டினதும் உட்கார்ந்தது. பிறகு கை கால் கழுவிக்கொண்டு தொப்பியை எடுத்தான். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகையை அவன் விட்டதே இல்லை.

"மச்சான், பிட்டைத் தொடாத. அப்பிடியே வெச்சு மத்ததெல்லாம் சுத்திடு. பூட்ட நான் வந்து மாட்றேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் போனான்.

தொடாதே என்றால் எனக்குக் கை துறுதுறுக்கும். மீதி ஏழு கதவு. ஏழு பூட்டையும் இப்படித் தட்டித் தட்டி எப்போது மாட்டுவது? ஒரே ஒரு நூல் விட்டால் வழவழவென்று போய் உட்காரும். இந்த ஆளுக்கு எதையும் இறுக்கிப் பிடித்தே பழக்கம் என்று மனசுக்குள் நக்கல் வேறு. ஸ்குரூவைத் தளர்த்தி, ஸ்கேல் வைத்து, கத்தியைச் சரியாக ஒரு நூல் வெளியே தள்ளி முடுக்கினேன். கட்டையில் போட்டுப் பார்க்கவில்லை. பள்ளிவாசலிலிருந்து அவன் திரும்புவதற்குள் ஏழையும் முடித்துக் காட்டணும் என்று வெறி. வியர்வை சொட்டச் சொட்டச் சுற்றினேன். முனை மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் கதவைப் புரட்டி அந்தப் பக்கத்திலிருந்து சுற்றினேன். ஒரு சிலும்பல் இல்லை. ஏழு ஓட்டையும் அவ்வளவு சுத்தம்.

பிறகுதான் ஒரு பூட்டை எடுத்துச் சொருகினேன். உருளை மட்டும் போகவில்லை. அதன் தலையில் இருக்கிற பித்தளை வளையமும் சேர்ந்து ஓட்டைக்குள் விழுந்தது.

கத்தி ஒரு பக்கம்தான் நகர்கிறது. ஆனால் அது சுற்றி வருகிறது. இந்தப் பக்கம் ஒரு நூல் என்றால் அந்தப் பக்கமும் ஒரு நூல். ஆக ஓட்டை இரண்டு நூல் பெருக்கும். சின்னப் பிள்ளைக் கணக்கு. ஒன்றேகால் ஒன்றரை ஆகிவிட்டது. ஏழு தேக்குக் கதவு, அவன் இரண்டு மாசம் உழைத்தது, என் எதிரில் ஓட்டையோடு படுத்துக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஸ்கூட்டர் சத்தம். சாயங்காலம் வர வேண்டிய அதிகாரி மதியமே வந்துவிட்டார்.

அவர் கதவு கதவாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு ஓட்டையிலும் விரலை விட்டுப் பார்த்தார். "இன்னாய்யா இது, எலி வளையா? பூட்டு எங்க நிக்கும்?" என்றார். பிறகு முதல் கதவுக்கு வந்தார். அதில் பூட்டு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"இது மட்டும் சரியா கீதே. இத யாரு போட்டது?"

அந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தை பதில்தான். பாய். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும்.

"அது நான் போட்டதுங்க" என்றேன். "அப்புறம் பாய் அளவு மாத்தி வெச்சுட்டுத் தொழுகைக்குப் போனாரு. நான் அப்பிடியே சுத்திட்டேங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலாவது அது என் சோறு. நான் அவன் போட்ட ஒரே நல்ல ஓட்டையைத் திருடிக்கொண்டு என் ஏழு ஓட்டையை அவன் தலையில் கட்டினேன். யோசித்துச் சொன்னதில்லை. யோசிக்காமலே வந்தது என்பதை நினைத்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது.

அதிகாரி தலையை ஆட்டினார். "பள்ளிவாசலுக்கு ஓடற அவசரத்துல அளவு வெச்சா இப்பிடித்தான் ஆவும்" என்றார். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

பாய் வந்து சைக்கிளை நிறுத்தும்போதே அவர் பிடித்துக்கொண்டார். தலையில் தொப்பி அப்படியே இருந்தது. நின்று கேட்டான். உள்ளே வந்து பிரேஸை எடுத்தான். ஸ்கேலை முனையில் வைத்தான். அளந்தான். என்னைப் பார்த்தான். பிறகு அவரிடம் திரும்பி, "ஆமாங்க. நான் வெச்ச அளவுதாங்க" என்றான்.

சொல்லிவிட்டு அங்கேயே நின்றான். நான் குனிந்து தரையில் கிடந்த மரச்சீவலைக் கையால் கூட்டி ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். கூட்ட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

"நீ நாளையிலேர்ந்து வர வேணாம்" என்றார் அதிகாரி அவனிடம். என்னிடம், "இதையெல்லாம் எதாவது பண்ண முடியுமா பாரு" என்றார். பாய் உளிகளைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டினான். பிட்டை எடுக்கவில்லை. அது கதவின் மேலேயே கிடந்தது.

ஏழு ஓட்டைக்கும் தேக்கில் வட்ட வட்டமாகக் கட்டை செதுக்கி, ரேகைக்கு ரேகை சேர்த்து, பசை வைத்து அடித்து, காய்ந்ததும் திரும்ப ஒன்றேகாலில் போட்டேன். இந்தத் தடவை கழிவுக் கட்டையில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். என் ஆயுசில் அவ்வளவு சுத்தமாக நான் வேலை செய்ததில்லை. அதிகாரி தடவிப் பார்த்துவிட்டு, மேல் மாடி உனக்குத்தான் என்றார். சரிங்க என்றேன். பன்னிரண்டு அறைக்கும் பாயின் பிட்டை வைத்துத்தான் ஓட்டை போட்டேன்.

அந்த மாசக் கடைசியில் அவன் சவுதிக்குப் போனான். பஸ் ஸ்டாண்டுக்கு நான் போகவில்லை. வேலை இருக்கிறது என்று வீட்டில் சொன்னேன். இரண்டு மாசம் கழித்து அவனுக்குப் பெண் குழந்தை பிறந்ததாகக் கேள்விப்பட்டேன். இரண்டு முறை லீவில் வந்தான். இரண்டு முறையும் கீழ்பென்னாத்தூரில் வேலை என்று சொல்லி அங்கே ஒரு உறவுக்காரர் வீட்டில் போய்ப் படுத்துக் கிடந்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு நெஞ்சு குறுகுறுத்தது நிஜம். ஆனால் கால் மட்டும் அவன் வீட்டுப் பக்கம் போகவில்லை.

எட்டு வருஷம் கழித்து ஒருநாள் காலையில் அவனே என் பட்டறைக்கு வந்தான். அப்போது எனக்குச் சொந்தமாகப் பட்டறை, நாலு ஆள், மேஸ்திரி என்ற பட்டம் எல்லாம் வந்திருந்தது. தாடி நரைத்திருந்தான். உள்ளே வந்து, பாதி இழைத்து வைத்திருந்த பலகை ஒன்றைத் தடவிக்கொண்டே பேசினான். அங்கே கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற வேலைதானாம். ஆணி அடிப்பது, பிடுங்குவது. எட்டு வருஷத்தில் ஒரு கதவு செய்யவில்லையாம்.

"பாய், அன்னிக்கி அந்தக் கதவு" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றான். "நான் வெச்சது அஞ்சு நூலு. வந்து அளந்தப்ப ஆறு நூலு இருந்துச்சு."

"அப்புறம் ஏன் ஒத்துக்கின?"

"ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கை காட்டினா அந்தாளு ரெண்டு பேரையும் தொரத்தியிருப்பான். அது ஒன்னு." பலகையிலிருந்து கையை எடுத்தான். "இன்னொன்னு, நான் அப்பிடிச் சொன்னதும் நீ 'இல்ல சார், நான்தான்'னு வாயத் தொறப்பேன்னு நெனச்சேன். நின்னேன் மச்சான். ரொம்ப நேரம் நின்னேன். நீ கூட்டிகினே இருந்த."

நான் அவன் எதிரில் அழுதேன். ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது பொய் அழுகை இல்லை.

"அழுவாத. ஒரு காரியமாத்தான் வந்தேன்" என்றான். அவன் மனைவியின் அண்ணனுக்கு வேலூரில் கதவு செய்கிற பட்டறை இருந்தது. மேஸ்திரியாக வைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஆனால் அந்த ஏழு கதவுக் கதையை அதிகாரி மரக்கடை மரக்கடையாகச் சொல்லி வைத்திருந்தார். வேலூர் வரைக்கும் போயிருந்தது. "அளவு தெரியாதவன் கிட்ட என் மரத்தக் குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு. தொழுவப் போனதாலதான் கெட்டுப் போச்சுன்னு வேற பேரு. அதான் மச்சான் எனக்குத் தாங்கல. நான் சொன்னா நம்ப மாட்டேன்றாரு. ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வராரு. நீ வந்து நடந்தத நடந்த மாதிரி சொல்லிடு. இல்லன்னா மறுபடியும் சவுதிதான். பொண்ணு இப்பதான் என்னைப் பாத்து ஓடாம 'அத்தா'ன்னு கூப்புடுது."

"சொல்றேன் பாய். சத்தியமா சொல்றேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அரைக்கிலோ இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். பெரிய தெருவிலிருந்து அவன் வீடு வரைக்கும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நான்தாங்க கத்தியத் தள்ளினேன். பாய் மேல ஒரு தப்பும் இல்லீங்க. இரண்டே வரி. எத்தனை தரம் சொல்லிப் பார்த்தாலும் சரியாகவே வந்தது.

முன் அறையில் அந்த அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கை கொடுத்தார். பாயின் மனைவி சமையலறை வாசலில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் குழந்தை டீ டம்ளரைச் சிந்தாமல் கொண்டு வந்து என் எதிரில் வைத்தது.

"நீங்கதான் அந்த மேஸ்திரியா?" என்றார் அண்ணன். "அந்த விடுதிக்காரரு எனக்குக் கதவக் காட்டினாருங்க. ஏழு கதவுல வட்டக் கட்ட வெச்சு அடைச்சிருக்கீங்களே, ரேக கூடத் தப்பல. கெட்டுப் போன மரத்த அப்பிடி நிமுத்தறதுக்கு ஒரு கை வேணும். என் பட்டறைல ஒருத்தனுக்கும் வராது."

இதைக் கேட்டதும் எனக்குள் என்னவோ இளகியது. அவர் முகத்தில் அவ்வளவு மரியாதை. நான் சொல்ல வந்ததைச் சொன்னால் அந்த முகம் எப்படி மாறும் என்று பார்த்தேன். அதே மரக்கடைகளில் என் கதை எப்படிப் போகும் என்று பார்த்தேன். அரை நிமிஷத்துக்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன்.

"சொல்லு மச்சான்" என்றான் பாய்.

"அன்னிக்கி ரெண்டு பேரும் சேந்துதாங்க வேல பாத்தோம்" என்றேன். "யாரு கையில அளவு மாறிச்சுன்னு இப்ப உறுதியா சொல்ல முடியலீங்க. தப்புன்னா ரெண்டு பேரு தப்பும்தாங்க."

அண்ணன் என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். "கூட்டாளிய வுட்டுக் குடுக்க மாட்டேன்றீங்க. பெரிய மனசு உங்களுக்கு" என்றார். சமையலறை வாசலில் நின்ற பாயின் மனைவி உள்ளே போய்விட்டாள்.

இல்லீங்க என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. பாய் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் காத்திருக்கிறான் என்று இந்தத் தடவை எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் தலையைக் கீழே போட்டுக்கொண்டு டம்ளரைப் பார்த்தேன்.

"டீ ஆறுது" என்றான் அவன். "குடிங்க."

அத்தனை வருஷப் பழக்கத்தில் என்னை அவன் ஒருநாளும் ங்க போட்டுப் பேசியதில்லை. நான் டம்ளரை எடுத்துக் குடித்தேன். அடுத்த மாசம் அவன் சவுதிக்குத் திரும்பிப் போய்விட்டான்.